மாடல் நீராவி இன்ஜினுக்கான குட்டிப் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜைமேல் வைத்து ஓட்டும் அளவுள்ள இன்ஜின்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். சிலிண்டர் துளை 10 முதல் 20 மி.மீ. வரை, பிஸ்டன் ராடு 2 முதல் 4 மி.மீ. வரை, ஸ்டட்டும் நட்டும் அதற்கும் கீழே. லேத்தை இயக்கி ஒரு கம்பியை அளவுக்குக் கடைய உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். பாய்லர் கட்டுவது தனி வித்தை, தனி ஆபத்து. அதை இங்கே தொடவில்லை.

அசல் இன்ஜினின் வரைபடத்தை 12-ஆல் வகுத்தால் மாடலுக்கான அளவு வந்துவிடாதா?

பார்வைக்கு வரும், ஓட்டத்துக்கு வராது. நீளம் 12-ல் ஒரு பங்கானால் பரப்பு 144-ல் ஒரு பங்கு, கன அளவு 1,728-ல் ஒரு பங்கு. நீராவியோ சுருங்குவதில்லை. அசலில் ஒரு பாகத்தைச் சுற்றிக் கால் மி.மீ. இடைவெளி இருந்தால், மாடலில் அது 20 மைக்ரான். அந்தத் துல்லியத்தை எல்லா இடத்திலும் எட்ட முடியாது. எட்டாத இடத்தில் ஆவி கசியும்.

சூடு இன்னொரு சங்கதி. உள்ளே இருக்கும் கன அளவோடு ஒப்பிட்டால் சிலிண்டரின் வெளிப்பரப்பு அசலைவிட 12 மடங்கு அதிகம். அதனால் உள்ளே வரும் ஆவி சட்டென்று குளிர்ந்து தண்ணீராகிறது. மாடல் இன்ஜின் கிளம்பும்போது தண்ணீர் துப்புவது இதனால்தான். வடிகால் குழாய் ஒன்று இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் வளைவது ராடுதான்.

ஆக, கண்ணுக்குத் தெரிவதை அளவுப்படி செய்யுங்கள். ஆவி போகும் வழி, சுவர்த் தடிமன், பேரிங் அகலம் ஆகியவற்றை வேலை செய்யும் அளவில் வையுங்கள். அசலில் 3 மி.மீ. தகடு என்பதற்காக மாடலில் 0.25 மி.மீ. தகட்டில் பாகம் செய்தால் கை பட்டாலே வளையும்.

என்னிடம் இருப்பது சாதாரண மேஜை லேத். கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் லேத் இல்லாமல் முடியுமா?

தாராளமாக முடியும். குறைவது வேகம் மட்டும்தான். பித்தளையை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் எனும் கருவி எஃகு) டூலில் நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் கடையலாம் என்று வைத்தால், 1.5 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 12,700 ஆர்.பி.எம். வேண்டும். உங்கள் லேத் 2,500-ல் நின்றுவிடும். அப்போது கிடைப்பது 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் குறைந்ததால் எதுவும் கெட்டுவிடாது, வேலைதான் மெதுவாகும். லேத்தின் உச்ச வேகத்தில் வைத்து, ஃபீடை மிக மெதுவாகக் கொடுங்கள். சின்ன விட்டத்துக்கு "வேகம் அதிகமாகிவிட்டதோ" என்று பயப்படத் தேவையே வராது.

ஸ்பிண்டில் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் மட்டும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மூன்று தாடை சக்கில் பிடித்துக் கடைந்தது, திருப்பிப் போட்டதும் கோணலாகிவிடுகிறது. என்ன செய்வது?

திருப்பிப் போடாதீர்கள். பாதி வேலைக்கு இதுவே பதில்.

சாதாரண மூன்று தாடை சக்கில் 0.05 மி.மீ. ஆட்டம் இருப்பது சகஜம். 50 மி.மீ. தண்டில் அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. 2 மி.மீ. ராடில் நுழையும் 3 மி.மீ. புஷ்ஷில் அது பெரிய தவறு. ஆனால் ஒரே பிடிப்பில் கடைந்த எல்லாப் பரப்புகளும் ஒரே மையத்தில்தான் இருக்கும், சக் எவ்வளவு மோசமானதாக இருந்தாலும். எனவே வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்தப் பரப்புகள் ஒரே மையத்தில் இருந்தாக வேண்டும் என்பது. அவற்றையெல்லாம் கம்பியிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ராடு வெளியே வரும் பக்கத்துச் சிலிண்டர் மூடி நல்ல உதாரணம். சிலிண்டருக்குள் உட்காரும் விளிம்பு, ராடு போகும் துளை, கிளாண்டுக்கான (ராடைச் சுற்றி ஆவி கசியாமல் அடைக்கும் திருகு மூடி) குழி, அதன் மரை என நான்கும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். நான்கையும் ஒரே பிடிப்பில் முடித்தால் ராடு வழுக்கிக்கொண்டு ஓடும். அடுத்த பிடிப்பில் மீதியைச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், கிளாண்டை இறுக்கும் போதெல்லாம் ராடு ஒரு பக்கமாகத் தேயும்.

திருப்பிப் போட்டே தீர வேண்டிய பாகத்துக்கு வழிகள் உண்டு. இ.ஆர். வகை கோலெட் (கம்பியைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும் பிளந்த குழல்) வாங்க முடிந்தால் முதலில் அதை வாங்குங்கள். நல்ல கோலெட்டின் ஆட்டம் 0.01 முதல் 0.02 மி.மீ.க்குள் இருக்கும், பாகத்தில் தாடைத் தழும்பும் விழாது. கோலெட் இல்லையென்றால் பிளந்த புஷ் செய்துகொள்ளலாம்: ஒரு பித்தளைத் துண்டை சக்கில் பிடித்து, பாகத்தின் அளவுக்குத் துளையிட்டு, ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, சக்கின் ஒன்றாம் எண் தாடைக்கு நேரே அடையாளமிட்டு வைக்க வேண்டும். சக்கின் ஆட்டம் அந்தத் துளையிலேயே சரிக்கட்டப்படுவதால், அதே இடத்தில் வைக்கும்வரை பாகம் நேராகச் சுற்றும். நான்கு தாடை சக்கில் டயல் கேஜ் வைத்து நேராக்குவதும் நல்ல வழிதான். ஆனால் 12 ஸ்டட் செய்யும்போது 12 முறை டயல் பார்க்கப் பொறுமை வேண்டும்.

தாடையால் பிடிக்கவே முடியாத தட்டையான குட்டிப் பாகங்களை ஒட்டிப் பிடிக்கலாம். பித்தளைத் துண்டு ஒன்றின் முகத்தைக் கடைந்து, அதில் லேசான வட்டக் கோடுகள் போட்டு, சூப்பர் குளூவால் பாகத்தை ஒட்டிவிட்டால் மெல்லிய வெட்டுகளைத் தாங்கும். பிறகு சூடாக்கினாலோ அசிட்டோனில் ஊறவைத்தாலோ கழன்றுவிடும். சூடாக்கும்போது வரும் புகை கண்ணையும் மூச்சையும் கரிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். அரக்கு வைத்து ஒட்டுவது கடிகாரக்காரர்களின் பழைய முறை, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

கார்பைடு டூல் கூர்மையாகத்தானே இருக்கிறது? ஏன் ஹெச்.எஸ்.எஸ். என்கிறார்கள்?

பொதுவான கார்பைடு இன்செர்ட்டின் முனை 0.4 மி.மீ. ஆரத்தில் உருண்டிருக்கும். நீங்கள் எடுக்கப்போவது 0.05 மி.மீ. வெட்டு. அந்த உருண்டை முனை உலோகத்தை வெட்டுவதைவிட அமுக்கித் தள்ளுகிறது. மெல்லிய கம்பி ஒதுங்கிக்கொள்கிறது. ஹெச்.எஸ்.எஸ். டூலை நீங்களே தீட்டி, எண்ணெய்க் கல்லில் இழைத்து, முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு உருண்டை மட்டும் விட்டால் அது மென்மையாகச் சீவும். அலுமினியத்துக்கென்று வரும் பளபளப்பான, கூர்விளிம்பு இன்செர்ட்டுகள் விதிவிலக்கு; அவை சின்ன வேலைக்கும் ஒத்துவரும்.

கூர்மையைவிட முக்கியம் டூலின் உயரம். டூல் மையத்துக்கு 0.1 மி.மீ. கீழே இருந்தால், முகத்தைச் சீவும்போது நடுவே 0.2 மி.மீ. விட்டத்தில் ஒரு மொட்டு மிஞ்சும். 0.1 மி.மீ. மேலே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1 மி.மீ. விட்டத்தைக் கடையும்போது அந்த உயரப் பிழை, டூலின் கிளியரன்ஸ் கோணத்தில் (டூல் பாகத்தில் உரசாமல் இருக்க விடும் சரிவு) 11 டிகிரிக்கு மேல் தின்றுவிடுகிறது. டூலில் நீங்கள் வைத்த கோணமே பெரும்பாலும் அதற்குள்தான். அப்புறம் எங்கே வெட்டுவது? உரசத்தான் செய்யும். "பெரிய விட்டத்தில் நன்றாக வெட்டிய டூல், சின்னதாக ஆக ஆகத் தேய்க்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் உயரத்தைப் பாருங்கள்.

மெல்லிய ராடைக் கடைந்தால் நடுவில் தடித்து, நுனி எகிறுகிறது. எத்தனை மெல்லிய வெட்டு எடுத்தாலும் சரியாகவில்லை.

மெல்லிய வெட்டுகளைப் பல முறை எடுப்பதுதான் இங்கே சிக்கல். ஒரு கணக்கைப் பாருங்கள். 1.5 மி.மீ. எஃகுக் கம்பி 20 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது, நுனியில் டூல் சுமார் அரைக் கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. கம்பி கிட்டத்தட்ட 0.27 மி.மீ. விலகும். அதே கம்பி 5 மி.மீ. மட்டும் நீண்டிருந்தால் விலகல் 4 மைக்ரான்தான். நீளம் நான்கில் ஒன்றானால் விலகல் 64-ல் ஒன்று. விட்டத்தைப் பாதியாக்கினாலோ விலகல் 16 மடங்கு கூடும். பித்தளையில் இது இன்னும் இரு மடங்கு.

அதனால் தடித்த கம்பியைக் கோலெட்டிலிருந்து 5 மி.மீ. மட்டும் வெளியே விட்டு, அந்தத் துண்டை ஒரே வெட்டில் அல்லது இரண்டு வெட்டில் இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கம்பியை இன்னும் 5 மி.மீ. இழுத்து அடுத்த துண்டு. டூல் வெட்டும் இடத்தில் அதன் பின்னால் எப்போதும் முழுத் தடிமன் கம்பி நின்று தாங்குகிறது. ஆழமாக வெட்டினால் உடைந்துவிடும் என்று உள்ளுணர்வு சொல்லும். டூல் கூர்மையாக இருந்தால் அதைக் கேட்க வேண்டாம்.

பிஸ்டன் ராடு போன்ற நீண்ட, சீரான ராடுகளைக் கடையவே வேண்டாம். அரைத்து மெருகேற்றிய சில்வர் ஸ்டீல் (கடினமாக்கக்கூடிய கருவி எஃகு, வெள்ளி இல்லை) கம்பி அளவாகவே கிடைக்கிறது. நுனியில் மரை மட்டும் போட்டால் போதும்.

எந்தப் பாகத்துக்கு எந்த உலோகம்?

சுலபமாகக் கடையும் ரகப் பித்தளை எல்லா அலங்காரத்துக்கும், காற்றில் இருக்கும் பெரும்பாலான பாகங்களுக்கும் பொருந்தும். பாய்லர் தண்ணீரோடு எப்போதும் தொடர்பில் இருக்கும் புஷ், ஃபிட்டிங் எதற்கும் பித்தளை வேண்டாம். சூடான தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்து, மிஞ்சுவது கடற்பஞ்சுபோலத் துளை விழுந்த செம்புதான். அங்கே வெண்கலமோ கன்மெட்டலோ (அதுவும் ஒரு வெண்கல வகை) போடுங்கள். சிலிண்டருக்கு கன்மெட்டல் அல்லது வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் கிராஃபைட் இருப்பதால் தானே வழுக்கும், ஆனால் ஓட்டி முடித்ததும் எண்ணெய் விட்டு வைக்காவிட்டால் மறுநாளே துரு. ராடுக்கு சில்வர் ஸ்டீல் அல்லது 303 ரகத் துருப்பிடிக்காத எஃகு. 304, 316 ரகங்கள் வெட்ட வெட்ட இறுகும் சுபாவம் கொண்டவை, 1 மி.மீ. ட்ரில்லோடு அவற்றிடம் போவதை நான் தவிர்க்கிறேன்.

1 மி.மீ.க்குக் கீழான ட்ரில்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன.

உடைப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: தொடக்கம் கோணலானது, சீவல் அடைத்தது, கை கொடுத்த அழுத்தம் தெரியாமல் போனது.

சென்டர் ட்ரில்லால் சின்னதாக ஒரு குழி போட்டுத் தொடங்குங்கள். குழி ட்ரில் விட்டத்தைவிட மிகப் பெரிதாக வேண்டாம். ட்ரில்லைத் தேவையான நீளத்துக்கு மட்டும் வெளியே விட்டுப் பிடியுங்கள். விட்டத்தின் பாதி ஆழம் போனதும் வெளியே எடுங்கள், சீவலைத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் 10 மி.மீ. ஆழ 0.8 மி.மீ. துளைக்கு வேறு குறுக்குவழி கிடையாது.

டெயில்ஸ்டாக்கின் சக்கரத்தைச் சுற்றி அழுத்தினால், உள்ளே ட்ரில் திணறுவது கைக்குத் தெரியாது. டெயில்ஸ்டாக்கில் செருகிய ஒரு தண்டின்மேல், விரலால் முன்னும் பின்னும் தள்ளக்கூடிய குட்டி சக் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். சின்ன ட்ரில்லுக்கு இதைவிட நல்ல முதலீடு எதையும் நான் பார்த்ததில்லை. வெட்டும் உணர்வு நேரே விரல் நுனிக்கு வரும்.

பித்தளைக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. புது ட்ரில்லின் வெட்டுவிளிம்பு பித்தளையைக் கவ்வி இழுக்கும், குறிப்பாகத் துளை மறுபக்கம் திறக்கும் நொடியில். விளிம்பின் முன்பக்கத்தை எண்ணெய்க் கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கிவிட்டால் கவ்வாது. அந்த ட்ரில்களைத் தனி டப்பாவில் போட்டுவையுங்கள். எஃகுக்கு அவை உதவாது.

எந்த மரை நல்லது, மெட்ரிக்கா பி.ஏ.வா?

பழைய பிரிட்டிஷ் வரைபடங்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைதான் இருக்கும். 0 பி.ஏ. என்பது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்), எண் ஒவ்வொன்று கூடும்போதும் பிட்ச் முந்தையதில் 0.9 மடங்காகக் குறையும். 8 பி.ஏ. 2.2 மி.மீ. விட்டம் வரும். மரைக் கோணம் 47.5 டிகிரி என்பதால் 60 டிகிரி மெட்ரிக்கோடு கலக்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு மெட்ரிக் போதும்: எம்1.6, எம்2, எம்2.5, எம்3 டேப்களும் (உள்மரை வெட்டுபவை) டைகளும் (வெளிமரை வெட்டுபவை) இருந்தால் முழு இன்ஜினையும் முடிக்கலாம்.

நட்டின் அளவில்தான் மாடலின் தோற்றம் கெடும். அசலில் 24 மி.மீ. போல்ட்டின் நட்டு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 36 மி.மீ. இருக்கும்; 12-ல் ஒரு பங்கு 3 மி.மீ. கடையில் வரும் எம்2 நட்டோ 4 மி.மீ. ஒரு சிலிண்டர் மூடியைச் சுற்றி இப்படி எட்டு நட்டு உட்கார்ந்தால் பார்த்தவுடன் பொம்மை என்று சொல்லிவிடலாம். 3 மி.மீ. அறுகோணக் கம்பியில் நீங்களே செய்யுங்கள்.

டேப் உள்ளே உடைந்துவிட்டது. பாகத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பாகம் பித்தளையோ வெண்கலமோ என்றால் வேண்டாம். படிகாரத்தைச் சூடான தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பாகத்தை அதில் போட்டு, கரைசலைச் சூடாகவே வையுங்கள். படிகாரம் எஃகை மெல்ல அரிக்கும், பித்தளையை ஏறக்குறைய தொடாது. பல மணி நேரம் ஆகும். டேப் கறுத்து உதிர்ந்து வரும். பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். பாகத்தில் வேறு எஃகுத் துண்டு ஏதாவது இருந்தால் முதலில் கழற்றுங்கள், அதுவும் சேர்ந்து போய்விடும். எஃகு, வார்ப்பிரும்புப் பாகங்களுக்கு இந்த வழி இல்லை.

உடையாமல் இருக்க, துளையைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். எம்2-க்கு அட்டவணை 1.6 மி.மீ. என்னும், 1.65 போட்டால் மரை ஆழம் சுமார் 77 சதவீதத்திலிருந்து 67-க்கு இறங்கும். மாடலில் வரும் சுமைக்கு அது தாராளம், டேப் திரும்புவதோ கைக்கு நன்றாகவே லேசாகும். டேப்பைக் கையால் நிமிர்த்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, ட்ரில் மெஷின் சக்கில் பிடித்துக் கையால் சுற்றுங்கள். மோட்டாரை ஓட்ட வேண்டாம்.

ஆவி நுழையும் போர்ட்களை (ஆவி போகும் திறப்புகள்) எப்படி வெட்டுவது?

1.5 மி.மீ. அகல போர்ட் என்றால் அதே விட்டமுள்ள ஸ்லாட் ட்ரில், ஒரு முறைக்கு 0.1 மி.மீ. ஆழம், மில்லிங் மெஷினின் உச்ச வேகம். மூலைகள் உருண்டையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைத் தீர்மானிப்பது போர்ட்டின் நீண்ட விளிம்புகள்தான். அவை ஒன்றுக்கொன்று இணையாக, சரியான இடைவெளியில் இருக்க வேண்டும். மூன்று போர்ட்களையும் ஒரே பிடிப்பில், டயலில் ஒரே திசையில் நகர்த்தி வெட்டுங்கள். திசை மாற்றினால் ஸ்குரூவின் ஆட்டம் உங்கள் அளவில் சேர்ந்துவிடும்.

வெட்டிய முகத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் நைஸான வாட்டர் பேப்பரை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். பின் ஒவ்வொரு போர்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உள்ளே தங்கிய ஒரு பொடி போதும், வால்வு முகத்தில் கோடு விழ.

பிஸ்டன் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பிஸ்டனைத் தனியாக இறுதி அளவுக்குக் கடையாதீர்கள். கொஞ்சம் பெரிதாக விட்டு, ராடில் திருகி, ராடைக் கோலெட்டில் பிடித்து அதன் பின் வெளிவிட்டத்தைக் கடையுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே மையம். சிலிண்டரோடு 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி விட்டு, ஆவியை அடைக்கும் வேலையைப் பள்ளத்தில் சுற்றும் கிராஃபைட் கயிற்றிடமோ ஓ-ரிங்கிடமோ கொடுத்துவிடலாம். 3 பார் கேஜ் அழுத்தத்தில் ஆவி 144 டிகிரி செல்சியஸ் இருக்கும். சாதாரண நைட்ரைல் ஓ-ரிங் அந்தச் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். கிராங்கில் ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (உலோகப் பாகங்களை ஒட்டிப் பிடிக்கும் பசை) தாராளமாகப் போடலாம். ஆவிச் சூடு படும் இடத்தில் அதை நம்பாதீர்கள், அதன் பிடிப்பு சூட்டில் தளர்ந்துபோகும்.

டெஃப்லான் பிஸ்டன் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். 16 மி.மீ. டெஃப்லான் பிஸ்டன் 120 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ.க்கு மேல் பெருக்கும். பித்தளைச் சிலிண்டர் துளை பெருப்பதோ 0.04 தான். குளிர்ந்திருக்கும்போது அழகாக ஓடி, ஆவி வந்ததும் கெட்டியாக மாட்டிக்கொள்ளும்.

கனெக்டிங் ராடின் முனையை அழகாக உருட்டுவது எப்படி?

மில்லிங் மெஷினோ ரோட்டரி டேபிளோ தேவையில்லை. முனையின் விட்டத்துக்குச் சமமான இரண்டு சில்வர் ஸ்டீல் வில்லைகளைக் கடைந்து, நடுவே துளையிட்டு, செர்ரிப் பழச் சிவப்புக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குங்கள். ராடின் துளையில் ஒரு பின்னைப் போட்டு, இரு பக்கமும் வில்லைகளை வைத்து, வைஸில் பிடித்து அரத்தால் ராவுங்கள். அரம் வில்லையைத் தொட்டதும் வழுக்கும். அங்கே நிறுத்துங்கள். முக்கியமான விஷயம்: துளைகளை முதலில் போட்டு, உருவத்தைப் பிறகு வெட்ட வேண்டும். உருவம் வெட்டிய ராடை யாராலும் நேராகப் பிடிக்க முடியாது.

இதே ஒழுங்கு கிராங்குக்கும் பொருந்தும். கிராங்கின் இரண்டு வெப்களின் (பக்கத் தகடுகள்) ஊடாகவும் முழுத் தண்டைச் செருகி, பின்னடித்து அல்லது சில்வர் சால்டர் போட்டு இறுக்கிய பிறகு, நடுவில் வேண்டாத துண்டை அறுத்து எடுங்கள். இரு பக்கத் தண்டும் தானாகவே ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

பார்ட்டிங் (கம்பியிலிருந்து பாகத்தை வெட்டி எடுப்பது) செய்ததும் பாகம் பறந்து காணாமல் போகிறது.

நடுவில் துளையுள்ள பாகம் என்றால், டெயில்ஸ்டாக் சக்கில் ஒரு மெல்லிய கம்பியைப் பிடித்துத் துளைக்குள் நுழைத்து வையுங்கள். வெட்டியதும் அதில் மாட்டிக்கொள்ளும். மற்றவற்றுக்கு லேத்தின் அடியில் வெள்ளைத் துணி. தரையில் தேடுவதாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடியுங்கள், நிழல் காட்டிக்கொடுக்கும்.

பாதுகாப்புக்கு ஏதாவது?

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை போட்டுக்கொண்டு லேத்தைத் தொடவே கூடாது. சுற்றும் மெல்லிய கம்பியை எமரித் துணியால் சுற்றிப் பிடிக்காதீர்கள்; 2 மி.மீ. கம்பி வளைந்து சாட்டையாக விரலை அடிக்கும்.

எல்லாம் பொருத்தியாயிற்று, கையால் சுற்றினாலே ஓரிடத்தில் இறுகுகிறது. பரவாயில்லையா, ஓட ஓடச் சரியாகிவிடுமா?

சீரான இறுக்கம் ஓட்டத்தில் விலகும், ஓரிடத்து இறுக்கம் விலகாது. முதலில் எல்லாப் பாகத்தின் விளிம்பையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், 0.05 மி.மீ. பிசிறு ஒன்று போதும். பிறகு கிளாண்டைத் தளர்த்திச் சுற்றுங்கள். இறுக்கம் போய்விட்டால் மூடியின் மையம் தவறு. போகாவிட்டால் கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் துண்டு) வழித்தடத்தின் திருகுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், அப்புறம் பேரிங் மூடிகளை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். தளர்த்தியதும் லேசாகச் சுற்றும் இடம்தான் குற்றவாளி. உரசும் பரப்பில் மார்க்கர் பேனாவால் மை பூசிச் சில சுற்று சுற்றினால், தேய வேண்டிய இடம் மை அழிந்து தெரியும்.

கையால் தடையில்லாமல் சுற்றத் தொடங்கியதும் முதல் ஓட்டம் அமுக்கக் காற்றில், மெல்லிய மெஷின் எண்ணெயோடு. நன்றாகப் பொருந்திய சின்ன இன்ஜின் அரை பாருக்கும் கீழேயே சுற்றும். சிறிது நேரம் அப்படி ஓடவிட்டு, கறுத்து வரும் எண்ணெயைத் துடைத்து மாற்றுங்கள். ஆவிக்கு மாறும்போது எண்ணெயையும் மாற்ற வேண்டும்: மெல்லிய எண்ணெயை ஆவி கழுவிக்கொண்டு போய்விடும், சிலிண்டருக்கென்று விற்கும் கெட்டியான ஸ்டீம் ஆயில்தான் ஈரமான உலோகத்தில் ஒட்டி நிற்கும்.